இறங்கினாரா, இறக்கப்பட்டாரா? விஷவாயுச் செய்திகளின் இலக்கணம்

தமிழ் நாளிதழ் படிப்போருக்கு மனப்பாடமாகிவிட்ட ஒரு தலைப்பு உண்டு: ‘கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி பலி’. இருவர் மூவராகலாம், தொட்டி பாதாளச் சாக்கடையாகலாம், ஊர்ப்பெயர் மாறலாம். வாக்கியத்தின் அச்சு மாறுவதில்லை. ஏழே சொற்கள் கொண்ட இத்தலைப்பில் இரண்டு பொய்கள் உள்ளன. வாயு தாக்கியது என்பது ஒன்று. இருவர் இறங்கினர் என்பது மற்றொன்று.

பிழை என்னாமல் பொய் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிழை எத்திசையிலும் நேரும். ஒரே தரப்பைக் காப்பாற்றும் வகையில், ஒரே சாய்வுடன், பல்லாண்டுகளாக எழுதப்பட்டு வருவதற்குப் பிழை என்ற பெயர் பொருந்தாது.

முதற்பொய்யை வேதியியலே மறுக்கிறது. காற்றோட்டமற்ற கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்தபின், சல்பேட்டைக் கொண்டு உயிர்வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. காற்றைவிடச் சற்றே கனமான அவ்வாயு குழியின் அடிப்பகுதியில் தங்குகிறது. நீரில் கரைந்தும் சேற்றுக்குள் சிக்கியும் கிடக்கிறது. கம்போ மண்வெட்டியோ சேற்றைக் கிளறும் நொடியில் அது ஒருசேர வெளிப்படுகிறது. அடைப்பை நீக்கும் செயலே நஞ்சை விடுவிக்கும் செயலாகவும் அமைகிறது.

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கையிலேயே அழுகிய முட்டையின் நாற்றமாக இவ்வாயு மூக்குக்கு எட்டிவிடும். நூறு பங்கை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று உள்ளே நிற்பவர் எண்ணும் நேரம் அது. ஐந்நூறைக் கடந்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரத்தைத் தாண்டினால் ஓரிரு மூச்சுகள் போதும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த இன்றியமையாத நொதியைச் சயனைடு முடக்குவது போலவே இதுவும் முடக்குகிறது. முகத்தில் கட்டிய துணியோ, தூசுக்கு அணியும் முகக்கவசமோ இதைத் தடுப்பதில்லை. விழுந்தவரை மீட்க அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவதும், மூவரும் பிணமாக மேலே வருவதும் இக்காரணத்தால்தான்.

இவையனைத்தும் பாடநூல் செய்திகள். கழிவுநீர்த் துறையின் எந்தப் பொறியாளரும் அறிந்தவை. ஒரு குழியில் இவ்வாயு எவ்வளவு உள்ளது என்பதைக் கையடக்கக் கருவி சில நொடிகளில் காட்டிவிடும். இருப்பது முன்பே தெரிந்த, அளக்கத்தக்க, ஓரிடத்தில் தேங்கிக் கிடக்கும் பொருள் யாரையும் தாக்குவதில்லை. வாயு தன் இடத்திலேயே இருந்தது. மனிதர்தாம் அதனிடம் கொண்டுசெல்லப்பட்டார்.

இனி அந்தத் தொடரின் இலக்கணம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், தன் வினைமுதலையே முற்றுவினைக்கும் வினைமுதலாகக் கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த பொதுவிதி. ‘அவன் வந்து அமர்ந்தான்’ என்றால் வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. இவ்விதிக்குப் புறம்பாக, எச்சத்துக்கு ஒரு வினைமுதலும் முற்றுக்கு வேறொரு வினைமுதலும் வரும் தொடர்களும் உண்டு. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். ‘பெய்ய’ என்று நிற்க வேண்டியது ‘பெய்து’ எனத் திரிந்து காரணப்பொருளைத் தருகிறது என்று இதற்கு அமைதி கூறுவர்.

‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இடி விழுந்து, காற்றடித்து, வெள்ளம் புகுந்து என இயற்கை நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் வைத்திருக்கும் அச்சு அது. மழை பெய்ததற்கு எவரும் பொறுப்பில்லை. குளம் நிறைந்ததற்கும் எவரும் பொறுப்பில்லை. அவ்வச்சில் வார்க்கப்படும் எந்தச் சாவும் அதே பொறுப்பின்மையைப் பெற்றுவிடுகிறது. ‘லாரி மோதி மாணவர் பலி’ என்னும்போதும் ஓட்டுநர் மறைகிறார் என்று ஒருவர் கூறலாம். உண்மைதான், ஆயினும் அச்செய்தியின் அடுத்த பத்தியிலேயே ஓட்டுநர் கைதானதோ தப்பியோடியதோ வந்துவிடுகிறது. விஷவாயுச் செய்தியின் அடுத்த பத்தியில் வருவது தீயணைப்புத் துறையினர் உடல்களை மீட்ட விவரம்.

இரண்டாம் பொய் ‘இறங்கிய’ என்பதில் இருக்கிறது. திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு, இறங்கு–இறக்கு எனத் தன்வினையையும் பிறவினையையும் ஒரு மெய்யெழுத்தால் வேறுபடுத்தும் மொழி தமிழ். தானே செய்தால் ‘ங்’. பிறர் செய்வித்தால் ‘க்’. எழுத்தறியாதவரும் பேச்சில் தவறவிடாத வேறுபாடு இது. கழிவுநீர்க் குழிக்குள் எவரும் தம் விருப்பால், தம் தேவைக்காக இறங்குவதில்லை. அடைப்பு வேறொருவருடையது, குழி வேறொருவருடையது, அழைப்பும் கூலியும் வேறொருவருடையவை. அவர் இறக்கப்பட்டார். இறக்கியவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெயரும் முகவரியும் உண்டு. ‘க்’ ‘ங்’ ஆனவுடன் அவர் செய்தியிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

அத்தலைப்பில் தன்னையறியாமல் உண்மை பேசும் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘பலி’. கொடுப்பவர் இன்றிப் பலி இல்லை.

இது மொழியியலாரின் நுண்ணாய்வுப் பொழுதுபோக்கு அன்று என்பதைச் சட்டநூல் காட்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணிக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைக் கழிவுநீர்க் குழாயிலோ தொட்டியிலோ ஆபத்தான துப்புரவுக்கு அமர்த்தலாகாது என்கிறது. மீறினால் முதன்முறை இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் பேசுவது பிறவினையில். அமர்த்தியவரே அதன் எழுவாய். நாளிதழ் பேசுவது தன்வினையில். மாண்டவரே அதன் எழுவாய். முதல் தகவல் அறிக்கை எழுதும் காவல் நிலையம் இவ்விரு மொழிகளில் எதைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் வழக்கு எழுவதும் விழுவதும் அமைகிறது.

சட்டத்திலும் ஒரு பொந்து உண்டு. பாதுகாப்புக் கருவிகள் தராமலும் முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்காமலும் செய்விக்கும் துப்புரவே ‘ஆபத்தானது’ என்று அது வரையறுக்கிறது. உரிய கருவிகளுடன் கழிவை அகற்றுபவர் அச்சட்டத்தின் கணக்கில் கையால் மலம் அள்ளுபவர் ஆகார். ஓர் இணைக் கையுறையும் ஓர் இணைக் காலணியும் ஒரு மனிதரை வரையறைக்கு வெளியே தள்ளப் போதுமானவை என்று ஒப்பந்தக்காரர்கள் கற்றுக்கொண்டது இவ்வாறே.

வரையறையைக் கொண்டு சாவை மறைக்கும் கலை நாடாளுமன்றத்திலும் அரங்கேறியது. 2021ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் ஒன்றிய சமூகநீதித் துறை, கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று விடையளித்தது. அதே துறை, கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் துப்புரவு செய்கையில் 941 பேர் இறந்ததாகவும் கணக்குக் கொடுத்தது. மலம் அள்ளுதல் வேறு, மலத்தொட்டி துப்புரவு வேறு என்னும் சொற்பிரிப்பால் 941 சாவுகள் சுழியம் ஆயின. அக்கணக்கில் மாநிலங்களுள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 213. கர்நாடகம்: 84. தமிழின் தொன்மையைப் பற்றி நாள்தோறும் பெருமிதம் கொள்ளும் சமூகம் இந்த முதலிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பெங்களூரின் லிங்கராஜபுரம் இந்த விவாதத்துக்கு உகந்த ஓர் இடம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் பகுதி அது. ஒண்டிக் குடித்தன வரிசைகளும் புதிய அடுக்ககங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடி வழியே கழிவுநீர் பொங்கும்போது, எந்த மொழியில் பேசுபவரும் கேட்பது ஒன்றே: எப்போது சரியாகும்? யார் சரிசெய்வார், எவ்வாறு சரிசெய்வார் என்ற கேள்வி எம்மொழியிலும் எழுவதில்லை.

இந்தக் கேளாமைக்கு அப்பகுதியில் ஒரு வரலாறு உண்டு. 1898இல் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமும் அழுக்குமே காரணம் எனக் கருதிய ஆட்சியாளர்கள் காற்றோட்டமான புதுக் குடியிருப்புகளை அமைத்தனர். லிங்கராஜபுரத்துக்குச் சற்றே தெற்கில் உள்ள பிரேசர் டவுன் அவ்வாறு தோன்றியது. அகன்ற தெருக்களும் தோட்டமிட்ட வீடுகளும் கொண்ட அக்குடியிருப்பில், வீடுகளின் முதுகுப்புறத்தில் குறுகிய சந்துகளும் விடப்பட்டன. கன்சர்வென்சி லேன் என்பது அவற்றின் பெயர். கழிப்பறையிலிருந்து மலத்தை எடுத்துச் செல்பவர் முன்தெருவில் எவர் கண்ணிலும் படாமல் வந்து போவதற்கான வழி அது. நோயைத் தடுக்க எழுந்த நகரமைப்பு, நோய்க்கு மிக அருகில் நின்றவரைப் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது. அச்சந்துகளில் பல இன்று வண்டி நிறுத்துமிடங்களாகிவிட்டன. அவை செய்த வேலையை இப்போது செய்தித்தாளின் வாக்கியம் செய்கிறது.

லிங்கராஜபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சி.வி.ராமன் நகரை ஒட்டிய கக்கதாசபுரத்தில், 2017 மார்ச்சில் ஒரு மேன்ஹோலுக்குள் மூவர் இறந்தனர். 2018 ஜனவரியில் நகரின் தென்கிழக்கே சோமசுந்தரபாளையாவில் ஓர் அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மூவர் இறந்தனர். முதலாவது பொதுச் சாக்கடை. இரண்டாவது தனியார் கட்டடத்தின் தொட்டி. ‘எந்த நபரும்’ என்று சட்டம் கூறுவதை இவ்விரண்டாம் வகையினர் பெரும்பாலும் கேட்டதேயில்லை. அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கமும், செப்டிக் தொட்டி வைத்திருக்கும் தனிவீட்டு உரிமையாளரும் சட்டத்தின் கண்ணில் அமர்த்துபவர்களே. அரசைக் குறைகூறி முடித்துவிட்டு, மாதப் பராமரிப்புத் தொகையில் ‘தொட்டி துப்புரவு’ என்னும் வரிக்கு ஒப்புதல் தரும் கை, மேற்சொன்ன வாக்கியத்தின் விடுபட்ட எழுவாயாகும்.

வாயுவால் நேரும் சாவுக்காவது ஒரு தலைப்புக் கிடைக்கிறது. தொற்றுநோயால் நேரும் சாவுக்கு அதுவும் இல்லை. கழிவுநீரில் எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாக உடலுக்குள் புகும். எலிக்காய்ச்சலாகத் தொடங்கிச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சிதைக்கும். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஏ, இ வகை வைரஸ்கள், டைபாய்டு, குடற்புழுக்கள், ஆறாத தோல்நோய்கள் என்று பட்டியல் நீளும். மருத்துவமனைச் சீட்டில் காய்ச்சல் என்றோ கல்லீரல் நோய் என்றோ எழுதப்படும். நாற்றத்தைப் பொறுக்கக் குடித்த சாராயத்தின்மேல் முழுப்பழியும் விழும். எந்தத் தொழில் அவரை அந்தப் படுக்கைக்குக் கொண்டுவந்தது என்று கேட்கும் கட்டம் சீட்டில் இல்லை. நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 941 என்பது குழிக்குள்ளேயே விழுந்தவர்களின் எண்ணிக்கை. குழியிலிருந்து ஏறி வந்து வீட்டில் இறந்தவர்கள் எக்கணக்கிலும் வருவதில்லை.

இக்குற்றச்சாட்டுக்கு வழக்கமாக மூன்று விடைகள் வரும். குறுகிய சந்துகளில் இயந்திரம் நுழையாது என்பது முதலாவது. ஐதராபாத் 2017இலேயே சந்துகளுக்கென்று சிறிய ஜெட்டிங் வண்டிகளை இறக்கியது. கேரளத்தில் உருவான பாண்டிகூட் என்னும் இயந்திரன் 2018இல் திருவனந்தபுரத்தின் மேன்ஹோல்களில் பணியைத் தொடங்கியது. உணவும் பொருளும் சுமந்த வண்டி எந்தச் சந்துக்குள்ளும் பத்து நிமிடத்தில் நுழைந்துவிடும் நகரில், குழியைத் துப்புரவு செய்யும் வண்டி மட்டும் நுழைய வழியில்லை என்பது தொழில்நுட்பச் சிக்கல் அன்று. மனித உடல் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பதே அதன் பொருள்.

கருவி கொடுத்தாலும் அவர்கள் அணிவதில்லை என்பது இரண்டாவது. தலையில் கவசம் அணியாதவர் கட்டுமானத் தளத்துக்குள் நுழையக் கூடாது என்று மேற்பார்வையாளர் தடுத்தால் பணி நிற்கும், கட்டடமே தாமதமாகும், ஆயினும் தடுக்கிறார். சாக்கடையில் அவ்வாறு தடுக்க எவரும் நிற்பதில்லை. கடைப்பிடிக்கச் செய்யும் கடமை அமர்த்தியவருடையது என்று சட்டமே கூறிய பிறகு, இறந்தவர் அணியவில்லை என்பது தற்காப்பாகாது. அமர்த்தியவரின் குற்ற ஒப்புதலாகும்.

அவரே ஒப்புக்கொண்டுதான் வந்தார் என்பது மூன்றாவது. பெங்களூரில் இப்பணிக்கு வருவோர் பெரும்பாலும் தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசும் தலித் குடும்பத்தினர். வேறு வேலைக்குச் சென்றாலும் சாதியைக் கேட்டு இவ்வேலையையே காட்டும் ஊரில், ஒப்புதல் என்னும் சொல்லுக்குப் பொருள் மிகக் குறைவு. அந்தக் குழிக்குள் இறக்குவதற்கு ஏன் எப்போதும் ஒருசில சாதியினரே ‘ஒப்புக்கொள்கின்றனர்’ என்ற கேள்விக்கு இந்த விடையை அளிப்பவர் பதில் சொல்ல வேண்டும். 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தமிழ்நாட்டின் முன் வைத்த கேள்வியும் இதுவே.

அரசுகள் மொழியைத் தொடாமல் இல்லை. கர்நாடகம் ‘பௌரகார்மிகர்’ என்றது. தமிழ்நாடு 2020இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. 2023ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை, ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின்ஹோல்’ ஆகும் என்றது. இழிபெயர் நீங்குவது நல்லதே. பெயருக்குரியவர் அதை மதிப்பாகக் கருதினால் அதில் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் மாறியவை யாவும் பெயர்ச்சொற்கள். பெயரை மாற்ற ஓர் அரசாணை போதும். செலவில்லை, எவரும் சிறைக்குச் செல்ல வேண்டியதில்லை. வினைச்சொல்லை மாற்றினால் வினைமுதல் வேண்டும். ‘இறக்கினார்’ என்று எழுதிய மறுகணமே ‘யார்?’ என்ற கேள்வி எழும். அதனால்தான் அதை எவரும் தொடுவதில்லை.

நீதிமன்றங்கள் தொட்டிருக்கின்றன. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு கழிவுநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்வது நிறுத்தப்பட வேண்டும் என்றது. இழப்பீடு உயர்ந்துகொண்டே செல்வது நீதியின் வளர்ச்சி மட்டும் அன்று. சாவு நிற்கவில்லை என்பதற்கான சான்றும் ஆகும்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. நாளிதழ்கள் அத்தலைப்பைக் கைவிட வேண்டும். ‘ஒப்பந்தக்காரர் தொட்டிக்குள் இறக்கிய இருவர் சாவு, அமர்த்தியவர்மீது வழக்கு உண்டா?’ என்று எழுதத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. குழி யாருடையது, அழைத்தவர் யார், வாயு அளக்கப்பட்டதா, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் பதிவானதா என்னும் நான்கு விவரங்கள் இல்லாத செய்தியை முழுமையான செய்தியாக எந்த ஆசிரியரும் ஏற்கக் கூடாது. காவல்துறை இச்சாவுகளைக் கவனக்குறைவு என்னும் ஒற்றைப் பிரிவில் அடைக்காமல், இச்சட்டத்தின் கீழும், மாண்டவர் பட்டியல் சாதியினராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும். மருத்துவர்கள் நோயாளியின் தொழிலைக் கேட்டு எழுத வேண்டும்.

லிங்கராஜபுரத்தில் வசிப்போருக்கும் ஒரு பங்கு உண்டு. தெருவில் அடைப்பு ஏற்பட்டால் பெங்களூரு குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணை அழைத்து இயந்திரத்தை அனுப்பச் சொல்லலாம். இயந்திரம் வராமல் கயிறும் வாளியுமாக இருவர் வந்து நின்றால், மூடியைத் திறக்க விடாமல் தடுக்கலாம். அவர்களின் அன்றைய கூலிக்குப் பொறுப்பேற்பதும் தடுப்பவரின் கடமை. வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அடுத்த தெருவின் குழிக்குள் அவர்கள் இறக்கப்படுவார்கள். கழிவுநீர் இன்னும் இரண்டு நாள் தெருவில் தேங்கும், நாறும், கொசு பெருகும். அந்த இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுக்க இயலாது என்பவர், அதற்கு ஈடாக என்ன கேட்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பிறவினையில்.